செல்லாக் காசான அமெரிக்கக் கார்டு

உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் டாலருக்கு மரியாதை உண்டு என்பது நாம் காலங்காலமாகக் கேட்டு வரும் பாட்டு. அந்த டாலரின் செல்லப் பிள்ளை கிரெடிட் கார்டு. அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர் எந்தத் தேசத்தில் இறங்கினாலும் ராஜாதான் என்று பாங்கிகளின் விளம்பரங்கள் முழங்கி வந்திருக்கின்றன. ஆனால் ஐரோப்பாவில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில், ராத்திரி பத்து மணிக்கு, டிக்கெட் யந்திரத்தின் முன்னால் இந்த ராஜா படும் பாட்டை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

கார்டைச் செருகுகிறார். யந்திரம் பின் நம்பரைக் கேட்கிறது. அப்படி ஒரு நம்பரை அவருடைய பாங்கி அவருக்குக் கொடுத்ததே இல்லை. யந்திரம் கார்டை வெளியே துப்புகிறது. கணக்கில் பாக்கி இல்லை. பாங்கி கடன் கொடுக்கத் தயார். ரயில் கிளம்பத் தயார். டிக்கெட் மட்டும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்களே, அதே கதை. கோயிலிலாவது பூசாரியிடம் சண்டை போடலாம். இங்கே பூசாரி ஒரு தகரப் பெட்டி.

இது யாரோ ஒருவருக்கு என்றோ ஒரு நாள் நேர்ந்த சங்கடம் என்று தள்ளிவிட முடியாது. பாரிஸ் நகரத்தில் 2007-ல் வெலிப் என்ற வாடகைச் சைக்கிள் ஏற்பாடு வந்தது. தெருவோரத்தில் யந்திரம், அதன் பக்கத்தில் வரிசையாகச் சைக்கிள்கள். அமெரிக்கப் பிரயாணிகளின் காந்தப் பட்டை கார்டை அந்த யந்திரம் தீண்டவே மறுத்தது. பிரான்ஸின் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகள், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் ஓடும் பெட்ரோல் பங்குகள், பல நாடுகளின் ரயில்வே டிக்கெட் யந்திரங்கள், கார் நிறுத்துமிடக் கட்டண யந்திரங்கள் என்று இந்தத் தொல்லை வருஷக்கணக்காக நீண்டது. பின்னால் கார்டு மாறியது, சிப் வந்தது. அப்போதும் தொல்லை முழுவதும் தீரவில்லை. ஏன்?

"வெளிநாடு போகிறவன் விசாரித்துக்கொண்டு போக வேண்டாமா?" என்று பிரயாணியைத் திட்டுகிறவர்கள் உண்டு. "அந்த யந்திரமே கோளாறு" என்பவர்களும் உண்டு. பிரயாணியையும் யந்திரத்தையும் விட்டுவிட்டு, பாங்கிகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கிரெடிட் கார்டு பிறந்து வளர்ந்த வீடே அமெரிக்காதான். 1958 செப்டம்பரில் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊரில், கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் தபாலில் 60,000 கார்டுகளை அனுப்பி வைத்தது. பிற்பாடு 1976-ல் வீசா என்று பெயர் மாறியது இந்தக் கார்டுதான். கார்டின் முதுகில் ஒட்டிய காந்தப் பட்டையும் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியில் உருவானதே. இப்படிப்பட்ட தேசத்தின் கார்டு பிரெஞ்சு சைக்கிள் யந்திரத்திடம் தோற்றது எப்படி?

காரணம் டெலிபோன் செலவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் டெலிபோன் பேசுவது மலிவு. கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் பாங்கியைக் கூப்பிட்டு "இந்தக் கார்டு சரிதானா?" என்று கேட்டுவிடலாம், பிறகு யந்திரமே கேட்டது. பிரான்ஸில் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது கட்டுப்படியாகவில்லை. கேட்காமல் விட்டால் மோசடி. ஆகவே அவர்கள் வேறு வழி தேடினார்கள். பாங்கியைக் கேட்பதற்குப் பதிலாகக் கார்டையே கேட்டால் என்ன? 1974-ல் ரோலான் மொரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் சிப் பொருத்திய கார்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1992-க்குள் பிரெஞ்சுப் பாங்கிக் கார்டுகள் அனைத்திலும் சிப் வந்துவிட்டது. பின் நம்பரைத் தட்டினால், சரியா தப்பா என்று சிப்பே சொல்லிவிடும், டெலிபோன் வேண்டியதில்லை. யூரோப்பே, மாஸ்டர்கார்டு, வீசா ஆகிய மூன்றும் சேர்ந்து 1990-களில் இதற்குப் பொது விதிகள் வகுத்தன. மூன்றின் முதல் எழுத்தையும் சேர்த்து இ.எம்.வி. என்று அதற்குப் பெயர். பிரிட்டன் 2006 பிப்ரவரி 14-ந் தேதி முதல் கடைகளில் பின் நம்பரைக் கட்டாயமாக்கியது.

வீசாவும் மாஸ்டர்கார்டும் அமெரிக்கக் கம்பெனிகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உலகத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவர்கள் சொந்த வீட்டில் அதை அமல் செய்யவில்லை. புதுக் கார்டு அச்சிடச் செலவு. கடைக்குக் கடை புது யந்திரம் வைக்கச் செலவு. மோசடியில் போகும் பணம் அதைவிடக் குறைவு என்று பட்டால், எந்தப் பாங்கி முதலாளி செலவு செய்வார்? நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதே லாபம் என்று இருந்துவிட்டார்கள். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லை என்ற கதை.

இந்தக் கணக்கு 2013-ன் கடைசியில் தடுமாறியது. டார்கெட் என்ற பெரிய கடைக் கம்பெனியின் கல்லா யந்திரங்களுக்குள் திருட்டு புரோகிராம் புகுந்து, ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. காந்தப் பட்டையில் உள்ளதைப் படித்தால் போதும், அதே மாதிரி இன்னொரு கார்டு செய்துவிடலாம். சிப்பை அப்படி நகல் எடுப்பது சுலபமல்ல. பிறகுதான் வேலை துரிதப்பட்டது. 2015 அக்டோபர் 1-ந் தேதி முதல், பாங்கி, கடைக்காரர் இருவரில் யார் சிப்புக்கு மாறாமல் பின்தங்கி நிற்கிறாரோ, மோசடி நஷ்டம் அவர் தலையில் என்று கார்டுக் கம்பெனிகள் விதி செய்தன. அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளுக்கு மட்டும் 2017 வரை தவணை கொடுத்தார்கள். அது 2020 ஆயிற்று. கடைசியில் 2021 ஏப்ரல் என்று முடிந்தது. பம்ப்பை மாற்றுவது பெரிய செலவு அல்லவா!

சரி, சிப் வந்தது. பின் நம்பர் வந்ததா? பெரும்பாலான அமெரிக்கக் கிரெடிட் கார்டுகளில் வரவில்லை. சிப்பும் கையெழுத்தும் போதும் என்று பாங்கிகள் தீர்மானித்தன. பின் நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ள வாடிக்கையாளர் சிரமப்பட்டால், பையில் இருக்கும் வேறு பாங்கியின் கார்டை எடுத்துவிடுவார் என்ற பயம். ஒவ்வொரு கிரெடிட் கார்டு விற்பனையிலும் அங்கே பாங்கிகளுக்கும் கார்டுக் கம்பெனிகளுக்கும் வியாபாரியிடமிருந்து ஏறத்தாழ 2 சதவீதம் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் சட்டம் போட்டு, கடைக்காரரின் பாங்கி கார்டு கொடுத்த பாங்கிக்குக் கட்டும் தொகையை, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப் போட்டது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. இத்தனை வருமானம் வரும்போது, நாலு இலக்க நம்பரால் ஒரு வாடிக்கையாளர் நழுவுவதை யார் விரும்புவார்?

டெபிட் கார்டில் இந்தச் சண்டை கோர்ட்டுக்கே போயிற்று. வால்மார்ட் கம்பெனி 2016 மே மாதம் வீசா மேல் வழக்குத் தொடர்ந்தது. பின் நம்பர் கேட்பதே பத்திரமானது, எங்களுக்குச் செலவும் குறைவு. வீசாவோ கையெழுத்துக்கும் இடம் கொடு என்று நிர்ப்பந்திக்கிறது என்பது வால்மார்ட்டின் வாதம். வால்மார்ட்டுக்கு ஜனங்கள் மீது திடீர்ப் பாசம் பொங்கிவிட்டதாக நாம் நினைக்கவில்லை. இரண்டு பெரிய மீன்கள் ஒரு புழுவுக்காகச் சண்டை போட்டன. ஆனால் மூடிக்கிடந்த கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் அதனால் வெளியே தெரிந்தது.

இனி யந்திரத்தின் விஷயத்துக்கு வருவோம். சிப்புக்குள் ஒரு வரிசைப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். கார்டை நீட்டுபவர் கார்டுக்குச் சொந்தக்காரர்தானா என்று பார்க்க முதலில் எதைக் கேட்பது, அது முடியாவிட்டால் அடுத்து எதைக் கேட்பது என்ற பட்டியல். பின் நம்பர், கையெழுத்து, ஒன்றுமே கேட்காமல் விடுவது என்று அதில் பல வழிகள். யந்திரத்திடமும் தன்னால் என்னென்ன முடியும் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. இரண்டும் எந்த இடத்தில் பொருந்துகிறதோ அதன்படி காரியம் நடக்கும். ஐரோப்பியக் கார்டு பின் நம்பர் என்கிறது, யந்திரமும் பின் நம்பர் என்கிறது, முடிந்தது. அமெரிக்கக் கார்டு கையெழுத்து என்கிறது. தகரப் பெட்டி கையெழுத்தை எங்கே வாங்கும்? வாங்கினாலும் யார் பார்ப்பது? நன்கொடை ரசீதில் கையெழுத்து வாங்கிப் பழகிய நமக்குத் தெரியும், பார்க்க ஆளில்லாத இடத்தில் கையெழுத்து வெறும் கிறுக்கல். கடைசி வழியாகிய 'ஒன்றும் கேட்காமல் விடு' என்பதை அந்த யந்திரம் ஏற்றுக்கொண்டால் டிக்கெட் வரும். ஏற்காவிட்டால் கார்டு வெளியே.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதற்கென்று சில அமெரிக்கக் கிரெடிட் கார்டுகளுக்கு ஒரு பின் நம்பர் கொடுத்திருப்பார்கள். அதைத் தட்டிப் பார்க்கலாமே? கம்பி வழியாகப் பாங்கியைக் கேட்கும் யந்திரத்தில் அது செல்லக்கூடும். கேட்காமல், சிப்பையே விசாரிக்கும் யந்திரத்தில் செல்லாது. ஏனென்றால் அந்த நம்பர் சிப்புக்குள் இல்லை, பாங்கியில்தான் இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி யந்திரங்கள். எது எந்த ஜாதி என்று வெளியே எழுதி ஒட்டுவதில்லை. நம்பரைத் தப்புத் தப்பாகத் தட்டினால் கார்டே முடங்கிப் போகும் அபாயமும் உண்டு.

2018 ஏப்ரலில் நாலு பெரிய கார்டுக் கம்பெனிகளும் அமெரிக்கக் கடைகளில் கையெழுத்தே வேண்டாம் என்று கைவிட்டன. எந்தக் கையெழுத்துக்காக அந்தப் பிரயாணியை நடுராத்திரி ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தார்களோ, அது பிரயோஜனமற்றது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. கார்டையோ செல்போனையோ யந்திரத்தின் மேல் காட்டினாலே பணம் போகிறது. லண்டன் பாதாள ரயிலில் 2014 முதலே இப்படிக் காட்டிவிட்டு ஏறலாம். இந்த முன்னேற்றத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காட்டும் வசதி இல்லாத பழைய யந்திரங்கள் கிராமப்புறங்களிலும், சுங்கச் சாவடிகளிலும், பெட்ரோல் பங்குகளிலும் இன்னும் நிற்கின்றன. காட்டும் தொகைக்கு வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் பழையபடி பின் நம்பர். செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் அதுவும் போயிற்று.

சில யந்திரங்கள் பணம் வாங்குவதற்கு முன்னால் உபசாரமாக ஒரு கேள்வி கேட்கும்: "டாலரில் கட்டுகிறீர்களா, யூரோவில் கட்டுகிறீர்களா?" பரிச்சயமான டாலரைத் தொட்டவர் ஏமாந்தார். மாற்று விகிதத்தைப் பாங்கியின் கையிலிருந்து பிடுங்கி, யந்திரத்தின் பின்னால் இருப்பவன் தன் இஷ்டத்துக்கு வைத்து நடுவில் ஒரு லாபம் பார்க்கிறான். யூரோ என்றே சொல்ல வேண்டும். சொன்னாலும், பல அமெரிக்கக் கார்டுகளில் வெளிநாட்டுக் கட்டணம் என்று 3 சதவீதம் சொந்தப் பாங்கியே பிடித்துக்கொள்கிறது. டாலர் சீமானின் பையில் ஓட்டை போட இத்தனை பேர்!

"அமெரிக்கச் சுற்றுலாக்காரன் டிக்கெட் இல்லாமல் தவித்தால் நமக்கென்ன?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வேலை செய்யப் போனவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போன தாய் தகப்பன்மார்கள் எத்தனையோ ஆயிரம். இந்தியக் கார்டோடு அங்கே பெட்ரோல் போட நிற்பவரைப் பம்ப் என்ன கேட்கிறது தெரியுமா? ஜிப் கோட், அதாவது அமெரிக்கத் தபால் எண், ஐந்து இலக்கம். நமது பின்கோடோ 1972 முதல் ஆறு இலக்கம். எதைத் தட்டினாலும் பொருந்தாது. அமெரிக்கனுக்குப் பிரான்ஸில் நடந்தது நம்மவருக்கு அமெரிக்காவில் நடக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு; விஷயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பங்கின் உள்ளே சாதாரணமாக ஒரு சின்னக் கடையும், கல்லாவில் ஒரு ஆளும் இருப்பார்கள். பம்ப் மறுத்தால் உள்ளே போய்ச் சொன்னால் போதும். நியூ ஜெர்ஸி மாநிலத்தில் 1949-ல் போட்ட சட்டப்படி இன்றும் வண்டிக்காரர் தாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. சிப்பந்திதான் போட வேண்டும். நமது தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அப்படித்தானே நடக்கிறது? கார்டு மறுத்தால் சிப்பந்தி இன்னொரு தரம் போட்டுப் பார்க்கிறார், முடியாவிட்டால் "ரொக்கம் இருக்கா அண்ணே?" என்கிறார். கார்டுக்கும் யந்திரத்துக்கும் தகராறு வருவது உலக வழக்கம். அதைத் தீர்த்து வைக்க அங்கே ஒரு மனிதர் இருந்தாரா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஸ்டேஷனிலும் ஒரு காலத்தில் ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். அமெரிக்கனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பெட்டியை வைத்தார்கள். அவருடைய சம்பளம் மிச்சம் பிடித்தது கம்பெனி. அந்த மிச்சத்துக்கான விலையை ராத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து கொடுக்கிறவர் பிரயாணி.

யந்திரமே கூடாது என்ற கட்சி நம்முடையது அல்ல. பகலில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யந்திரம் உதவுகிறது. ராத்திரி இரண்டு பேருக்காக ஒரு குமாஸ்தாவை உட்கார வைக்க முடியுமா என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். முடியாதென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பெட்டி நோட்டும் நாணயமும் வாங்கட்டும். பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒரு மனிதர் பேசட்டும்; "கார்டு செல்லவில்லை, ஏறிக்கொள்ளுங்கள், இறங்குமிடத்தில் கட்டலாம்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். டிக்கெட் இல்லாமல் ஏறியவருக்கு அபராதம் எழுத மட்டும் அந்த ராத்திரியிலும் ஆள் கிடைக்கிறாரே!

சட்டங்கள் இந்த ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. நார்வே சர்க்கார் 2024 அக்டோபர் 1 முதல் கடைகளில் ரொக்கம் கொடுக்கும் உரிமையைப் பலப்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் தானியங்கி விற்பனை யந்திரங்களுக்கும் ஆளில்லாக் கடைகளுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ரொக்கம் எங்கே அதிகமாகத் தேவையோ, அந்த இடத்தில் உரிமை இல்லை!

இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. 2023 ஜூலையில் ரயில் கம்பெனிகள் ஏறத்தாழ எல்லா ஸ்டேஷன் டிக்கெட் ஆபீஸ்களையும் மூடப் போவதாக அறிவித்தன. யந்திரமும் செல்போனும் போதுமாம். ஆர்.எம்.டி. ரயில்வே தொழிற்சங்கம் எதிர்த்து நின்றது. கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், வயதானவர்களின் அமைப்புகள் எதிர்த்தன. ஏறத்தாழ 7.5 லட்சம் பேர் அபிப்பிராயம் எழுதி அனுப்பினார்கள். பிரயாணிகளுக்கான இரண்டு கண்காணிப்பு அமைப்புகளும் ஆட்சேபித்தன. அக்டோபர் 31-ந் தேதி சர்க்கார் அந்தத் திட்டத்தை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டது. அந்த ஜன்னல்களில் ஒன்றுக்கு நாளை ஓர் அமெரிக்கர் தம் கார்டை நீட்டுவார். அதற்காக அவர் நன்றி சொல்ல வேண்டியது எந்தப் பாங்கிக்கும் அல்ல.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அமெரிக்கக் கார்டோடு ஐரோப்பா போகிறவர் தம் பாங்கியிடம் "பின் நம்பர் உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "ஆளில்லாத யந்திரத்தில், பாங்கியைக் கேட்காமல் சிப்பே சரிபார்க்கும் பின் நம்பர் உண்டா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலைப் பகலில், ஆள் இருக்கும் பங்கிலேயே போட்டுக்கொள்ளட்டும். ஆளில்லாப் பங்கில் கார்டு சென்றாலும், இருபது யூரோவுக்குப் போட்டதற்கு நூறு யூரோவுக்கு மேல் கணக்கில் சில நாள் முடக்கி வைப்பது உண்டு. பயப்பட வேண்டாம், மிச்சம் விடுபட்டுவிடும். கொஞ்சம் நோட்டும் சில்லறையும் எப்போதும் பையில் இருக்கட்டும். இங்கிருந்து போகிறவர்கள், வெளிநாட்டில் செல்லும்படி கார்டைத் திறந்துவிட்டிருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் பாங்கின் 2020-ம் வருஷத்து உத்தரவுப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்றே வருகின்றன. அங்கே போன பிறகு பம்ப் ஜிப் கோட் கேட்டால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நேரே உள்ளே போய், பம்ப்பின் நம்பரையும் தொகையையும் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிப் பணம் கட்டுங்கள். கட்டியதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் மீதியை அவரே திருப்பித் தருவார்.